குளிர் முன்னணி

"தம்பி, உந்த முன்னணிக்குத் தலைவர் ஆர்?"

கதிர்காமநாதனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் இரவு முழுக்கப் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு, வரும் வழியில் தமிழ்ச் சங்க வானொலியில் வானிலை அறிக்கையும் வாசித்துவிட்டு, ஹில்ஸ்பரோ வீட்டில் அப்போதுதான் தலையணையில் தலையை வைத்திருந்தார். தொலைபேசியில் குணவதி. சங்கத்தில் யார் யாருக்கிடையில் சரியில்லை என்பதைச் சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்பே அறிந்து வைத்திருப்பவர்.

"எந்த முன்னணி, அக்கா?"

"நீர்தானே வாசிச்சனீர்? குளிர் முன்னணி ஒண்டு நாளைக்கு மேற்குக் கரைக்கு வந்து சேருது, எல்லாரும் கவனமா இருங்கோ எண்டு. அங்கைதானே நாளைக்கு எங்கடை பொதுக்கூட்டம்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். வரப்போகும் குளிர்காற்றின் முகப்பை ஆங்கில அறிக்கையில் 'கோல்ட் ஃப்ரன்ட்' என்று போட்டிருந்தது. கோல்ட் என்றால் குளிர், ஃப்ரன்ட் என்றால் முன்னணி. தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மனிதனுக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் முன்னணி என்ற சொல்லைக் காற்றோடு சேர்த்துக் கேட்டறியாத சனம் இது. முன்னணி என்றால் கொடி இருக்கும், தலைவர் இருக்கும், கொஞ்ச நாளில் பிளவும் இருக்கும்.

"அக்கா, அது அரசியல் இல்லை. காத்து மாறப் போகுது, அவ்வளவுதான்."

"காத்து மாறுது..." குணவதி மெல்லச் சொல்லிப் பார்த்தார். "விளங்குது தம்பி. போனிலை விபரமாக் கதைக்கேலாது, என்ன?"

வைத்துவிட்டார்.

கதிர்காமநாதனுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை நித்திரை. கிழமை முழுக்க இரவு வேலை. கிடைக்கிற ஒரே ஞாயிறையும் சங்கம் தின்றுவிடுகிறது. வானிலை வாசிப்பது, அண்டா குண்டான் காப்பது, கூட்டத்துக்குக் கதிரை அடுக்குவது என்று வேறு எவரும் சீண்டாத மூன்று பொறுப்புகளும் அவர் தலையில் இருந்தன. நாளைய கடற்கரைக் கூட்டத்தில் மூன்றையும் உதறிவிட்டு வந்துவிட வேண்டும், அல்லது மழையென்று கூட்டமே நின்றுபோக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அவருக்குச் சம்மதம்.

மறுபடி தொலைபேசி. ஐ.டி.யில் வேலை செய்யும் பிரசாத்.

"சார், சூப்பர் சார்! யாராவது ஆரம்பிக்க மாட்டாங்களான்னு பார்த்துட்டே இருந்தோம். நம்ம தமிழ்நாட்டுக்காரங்களுக்கும் கமிட்டில இடம் உண்டா?"

"பிரசாத், அது வானிலை."

"ஆமா சார், வெளில அப்படித்தான் சொல்லணும். நான் பார்த்துக்கிறேன்."

இனிப் பேசிப் பயனில்லை என்று, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுத்திலேயே போட்டார்: 'குளிர் முன்னணிக்கும் சங்கத் தேர்தலுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தயவுசெய்து வதந்திகளை நம்ப வேண்டாம்.'

அதுதான் அவர் செய்த பெரிய பிழை. அதுவரை கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள். மறுப்பறிக்கை வந்துவிட்டதென்றால் விஷயம் உண்மைதான் என்று அனுபவப்பட்டவர்கள் முடிவு கட்டினார்கள். மத்தியானத்துக்குள் யாரோ பனித்துளியைச் சின்னமாக வரைந்தும் அனுப்பியிருந்தார்கள்.

அடுத்து அழைத்தவர் தலைவி சரோஜாதேவி. கதிர்காமநாதன் தன்னையறியாமல் கட்டிலை விட்டு எழுந்து நின்றார்.

சரோஜாதேவி ஹென்டர்சனில் டெயரிக் கடை நடத்தி ஓய்ந்தவர். பாலும் பாணும் விற்ற அதே கறாரோடு பல வருஷமாகச் சங்கத்தையும் நடத்தினார். நாற்பது பேர் வராமல் தேர்தல் நடத்த முடியாது என்பது சங்கத்தின் யாப்பு விதி. நாற்பது பேர் ஒருபோதும் வந்ததில்லை. அதனால் அவரே தலைவி. கதிரையை விடமாட்டா என்று சனம் முதுகுக்குப் பின்னால் கதைக்கும்.

"அக்கா, சத்தியமா நான் உங்களுக்கு எதிரா ஒண்டும்..."

"அது கிடக்கட்டும் தம்பி. பின்னேரம் திருத்தி வாசியும். முன்னணி, பின்னணி எண்டு சொல்லாதையும். காத்து எங்காலை வருது?"

"தெற்காலை, அக்கா."

"தெற்காலை வாற காத்துக்குத் தமிழிலை என்ன பேர்?"

"தென்றல்."

"அதைச் சொல்லும்."

"அக்கா, இஞ்சை தெற்குக் காத்து தென்துருவப் பனியிலையிருந்து வாறது, எலும்புக்குள்ளை போகும். தென்றல் எண்டா சனம் வேறை மாதிரி... பேசாமல் கூட்டத்தைத் தள்ளி வைப்பமே?"

"தமிழ் வானொலியிலை தமிழ்தான் சொல்லவேணும்."

வாதாட அவருக்குத் தெம்பில்லை. மாலையில் போய், 'நாளை மதியம் மேற்குக் கரையில் தென்றல் வீசும்' என்று வாசித்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை வெயில் எறித்தது. கடற்கரை வாகனத் தரிப்பிடத்தில் இடமில்லை. முன்னணியைப் பார்க்க வந்தவர்கள் பாதி, தென்றல் வாங்க வந்தவர்கள் பாதி. பெண்கள் மெல்லிய பருத்திச் சேலையில், ஆண்கள் அரைக் காற்சட்டையில். சரோஜாதேவியும் அவர் கணவர் ஆனந்தராசாவும் மட்டும் மழைக்கோட்டும் கம்பளித் தொப்பியும் முழங்கால்வரை றப்பர் சப்பாத்துமாக வந்திருந்தார்கள். வயது போனால் குளிரும்தானே என்று கதிர்காமநாதன் நினைத்துக்கொண்டு அண்டாவை இறக்கினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் முன்னணி வந்து சேர்ந்தது.

கடல் கறுத்தது. காற்று ஒரு நிமிஷம் நின்றது, பிறகு தெற்கேயிருந்து மழையோடு அறைந்தது. அப்பளங்கள் பறந்தன. சோற்றில் மணல் விழுந்தது. சேலைகள் அவரவர் தலையைச் சுற்றிக்கொண்டன. கூடாரம் கழன்று கிளம்ப, கதிர்காமநாதன் ஓடிப்போய் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி அதைப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டத்தைக் கெதியா முடிப்பம்!" சரோஜாதேவி ஒலிபெருக்கியில் சொன்னார். "நாற்பதுக்கு மேலை நிக்கிறியள். தலைவர் பதவிக்கு ஆர் போட்டி?"

"குளிர் முன்னணி!" குணவதி கத்தினார். "கதிர்காமநாதன்!"

"கைய தூக்கிட்டாரு பாருங்க! ரெண்டு கையும் தூக்கிட்டாரு!" பிரசாத் துள்ளினான்.

"நான் கூடாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்!" என்று கதிர்காமநாதன் அலறினார். காற்று அதைக் கொண்டுபோய்க் கடலில் போட்டது.

"ஆதரிக்கிறவை கையைத் தூக்குங்கோ."

பற்கள் அடித்துக்கொள்ள, கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி, எல்லாரும் கையைத் தூக்கினார்கள். அடுத்த நிமிஷம் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள்.

சரோஜாதேவி நிதானமாக நடந்து வந்தார். கதிர்காமநாதனின் இரண்டு கைகளும் மேலேயே இருந்ததால், சங்க மண்டபத்துச் சாவிக்கொத்தை அவருடைய சட்டைப் பையில் போட்டார்.

"ஒவ்வொரு ஞாயிறும் காலமை எட்டு மணிக்குத் திறக்கவேணும் தம்பி."

சொல்லிவிட்டுக் காரில் போய் ஏறினார். கொஞ்ச நேரத்தில் கதவில் தலையைச் சாய்த்து உறங்கியும் போனார். கதிர்காமநாதனுக்கு அழுகை வந்தது. மழைத்தண்ணீரோடு அதுவும் போனது.

ஆனந்தராசா மட்டும் பின்தங்கி நின்றார். சபையில் வாய் திறந்தறியாத மனிதர். கூடாரத்தைச் சுருட்ட உதவிவிட்டு, ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"அண்ணை, எல்லாம் ஒரு சொல்லாலை வந்த வினை," கதிர்காமநாதன் நடுங்கிக்கொண்டே சொன்னார். "அக்கா என்னைப் பிழையா விளங்கிக்கொண்டிட்டா. முன்னணி எண்டது வெறும் காத்து எண்டு அவவுக்கு ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ."

ஆனந்தராசா காரைத் திரும்பிப் பார்த்தார்.

"அவவுக்கு விளங்கும் தம்பி. டெயரி போட முந்தி, ஊரிலை அவ புவியியல் படிப்பிச்ச ரீச்சர்."