ஒத்தி வைத்த வீடு

மதுரை, தெப்பக்குளம் கீழ்க்கரை,
ஈசுவர வருஷம் ஆடி மாதம் 3ஆம் தேதி.

உசிலம்பட்டி மகா-ள-ஸ்ரீ மச்சான் விருமாண்டி அவர்கள் சமுகத்துக்கு, பத்திர எழுத்தர் உக்கிரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உங்கள் தங்கை சீனியம்மாள், வீடு மூவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தையும், கன்று போட்ட பசுவின் சுகத்தையும் அறிய ஆவல்.

மகள் பாண்டியம்மாள் வாடிப்பட்டிக்கே வந்து தன்னோடு இருக்கச் சொன்னதும், வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று தங்களிடம் யோசனை கேட்டேன் அல்லவா? "வீட்டு விஷயத்தை இப்போதைக்கு ஒத்தி வைக்கவும்" என்று கார்டு போட்டீர்கள். நான் முப்பது வருஷம் ஒத்திப் பத்திரம் எழுதியவன். விற்கவும் வேண்டாம், வாடகையும் வேண்டாம், ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மூன்று வருஷம் குடியிருக்க விட்டுவிடு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்களே என்று மெச்சிக்கொண்டேன்.

ஆனால் வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மத்தியானத்திலேயே வந்தார்கள். மேற்கே தெப்பக்குளம், கிழக்கே தென்னந்தோப்பு, வடக்கிலும் தெற்கிலும் சந்து, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட காற்றைப் பற்றித் தாங்கள் அறிவீர்கள். "செத்த உக்காந்து பாக்குறேன்" என்று கூடத்துச் சிவப்புத் தரையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்வார். பேச்சுத்துணைக்கு நானும் சாய்வேன். குளத்து வெளிச்சம் உத்தரத்தில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருவரும் தூங்கிப்போவோம். எழுந்தால் விளக்கு வைக்கும் நேரம், வந்தவர் காப்பி குடித்துவிட்டு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். ஒருநாள் கனவில் நானும் சீனியம்மாளும் மாட்டு வண்டியில் வாடிப்பட்டிக்குப் போகிறோம். சேற்றில் நடப்பவர் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பது போல் வாசற்படியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு பின்னாலேயே நடந்து வருகிறது. சமயநல்லூரில் களைத்து நின்றுவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தூங்காத ஒரே ஆள் மில் மேஸ்திரி ஆண்டிச்சாமி. நின்றபடியே பார்த்துவிட்டு, "அண்ணே, ஆடி பிறக்குறதுக்குள்ள வந்துர்றேன்" என்றார். ஆனி கடைசி நாள் காலையில் மனைவி, ஐந்து பிள்ளைகளோடு பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார். எங்களுக்கு மத்தியானம் வண்டி. சாமான் ஏற்றுமுன் கொஞ்சம் சாய்ந்தேன். சீனியம்மாள் உலுக்கியிருக்கிறாள், வண்டிக்காரர் காசிமாயன் கத்தியிருக்கிறார், நான் அசையவில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஆடி. ஆடியில் குடிபெயரக் கூடாதே! ஆகவே சொந்த வீட்டில் விருந்தாளியாக இருக்கிறேன். ஆண்டிச்சாமி சம்சாரம் "சாப்புட வாங்கண்ணே" என்ற பிறகே இலையில் உட்காருகிறேன். ஆவணி பிறந்ததும் அவசியம் கிளம்பிவிடுவோம், இதில் மாற்றமில்லை.

தங்கள் குடும்பமும் மாடும் கன்றும் நோய்நொடியில்லாமல் இருக்க மீனாட்சியை வேண்டும்,
உக்கிரபாண்டி.

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கை உங்கள் கார்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இப்ப வேணாம், தள்ளிப்போடுன்னுல்ல எங்கண்ணன் எழுதியிருக்கு! பத்திரம் எழுதி எழுதி உங்களுக்குத் தமிழே மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இதை எழுதுகிறேன். ஆவணியில் ஆண்டிச்சாமிக்கு வேறு வீடு பார்க்க வேண்டும். வண்டி வந்த அன்று நான் தூங்கவில்லை, மச்சான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். இந்த வீட்டை விட்டுப்போக எனக்கு மனசில்லை. சீனியம்மாள் உலுக்கினாள் என்று எழுதினேனே, அதுவும் பொய். என் காதருகில் குனிந்து, "தூங்குங்க" என்றாள்.