மூன்று புகாருக்கு ஒரு மணி

பெமிட்ஜி,
மார்ச் மாதம். வாசலில் இன்னும் இடுப்பளவு பனி.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் வின்ஸ் அவர்களுக்கு, மைத்துனன் ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். டுலூத் குளிரில் தாங்களும் ஆர்டிஸ் அக்காவும் சுகம்தானே? அக்காவின் முழங்கால் எப்படி? அவளைக் கேட்டால் "பரவாயில்ல" என்பாள், அதனால்தான் தங்களைக் கேட்கிறேன்.

விஷயம் என்னவென்றால் என் மகள் சிக்னேயின் பெருமை. பெற்றவன் வாயால் சொல்லக்கூடாதுதான், ஆனால் இந்த ஊரில் வேறு யார் வாயைத் திறக்கப்போகிறார்கள்? பள்ளிக்கூட ஐஸ் ஹாக்கிப் போட்டிக்கு டிக்கெட் விற்கும் கம்பெனியில் அவள் வேலை. விற்பனை தொடங்கும் காலையில் மாநிலமே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும். அத்தனை பேரையும் ஒரு செர்வர் கூட்டம் தாங்க வேண்டும். அந்தச் செர்வர்கள் எந்த அளவுக்குத் திணறினால் அபாய மணி அடிக்க வேண்டும் என்று எல்லை வைப்பது இவள் பொறுப்பு. முன்பு இருந்தவர் தொட்டதற்கெல்லாம் மணி வைத்திருந்தார். நாள் முழுக்க அடித்ததில், ஃபிரிட்ஜ் சத்தத்தைப் போல யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சிக்னே வந்தாள், முக்கால்வாசி மணியைப் பிடுங்கி எறிந்தாள். "மணி அடிச்சா ஒரு ஆளு எழுந்து ஏதாவது செய்யணும்ப்பா. செய்ய ஒண்ணுமில்லன்னா அது வெறும் இரைச்சல்" என்றாள். என் பிக்கப் வண்டியில் எஞ்சினைப் பார் என்று ஓயாமல் எரிந்த மஞ்சள் விளக்கின் மேல் நான் டேப் ஒட்டியது எவ்வளவு பெரிய தத்துவம் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அவள் மேலாளர் லோவெல்தான் விடவில்லை. "டிக்கெட் அன்னிக்கு மெஷின் செத்துக் கிடந்து, ஒரு மணியும் அடிக்கலன்னா உன் சீட்டு கிழிஞ்சிடும், சிக்னே. சொல்லிட்டேன்" என்றார். இவளோ இன்னும் நிரந்தரமாகாதவள். வேலை போனால் சிகாகோவுக்குக் கிளம்பிவிடுவாள். அப்புறம் இந்த வீட்டில் நானும் பனி தள்ளும் மண்வெட்டியும்தான்.

அதற்கேற்றாற்போல பெரிய டிக்கெட் நாளுக்கு முந்தைய வாரம் வட்டாரப் போட்டி டிக்கெட்டில் சறுக்கியது. பத்து நிமிடத்தில் நூறு புகார் வந்தால் மணி என்று, ஏதோ கலிபோர்னியாக்காரர்கள் எழுதிய பாடத்தைப் பார்த்து வைத்திருந்தாள். அன்று அரை மணி நேரம் திரை உறைந்து நின்றது, மணி அடிக்கவில்லை. வந்ததே மூன்று புகார். ஒருவர், "அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், தவறு தன் கம்ப்யூட்டருடையதாக இருக்கலாம் என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். மூன்றாமவர் பக்கம் முழுக்க நன்றி சொல்லிவிட்டு, கடைசி வரியில்தான் டிக்கெட் வரவில்லை என்றார். வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் சிரித்தாள். "நம்ம ஜனங்க வீடு பத்தி எரிஞ்சாலும் 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு'ன்னுதான் சொல்லும். இங்க மூணு புகார் வந்தா ஊரே முழுகுதுன்னு அர்த்தம்ப்பா!" எல்லையை நூறிலிருந்து மூன்றுக்கு இறக்கிவிட்டாள். லோவெல் தலையில் அடித்துக்கொண்டார்.

டிக்கெட் நாள் காலை எங்கள் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். செர்வர்களின் பாரம் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டதும் லோவெல் போனில் அலறினார்: "தொண்ணூறு ஓடுது, மணி எங்கம்மா?" இவள், "ஓடறதுக்குத்தானே வாங்கினோம், லோவெல்? மூச்சு வாங்கட்டும் விடுங்க" என்றாள். அடுத்த நிமிடம் மணி அடித்தது. மூன்று புகார்! துருவிப் பார்த்தால் ஒரு செர்வர் நல்லபிள்ளை போலப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே, வந்த ஆர்டரையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கூட்டத்திலிருந்து கழற்றினாள், மற்றவை அதன் பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. "மூணுன்னு எப்படிம்மா கணக்குப் போட்ட?" என்று லோவெல் திரும்பத் திரும்பக் கேட்டார். சாயங்காலமே வேலை நிரந்தரம். அத்தான், நான் அழுதுவிட்டேன். நம் ஜனங்களின் மௌனத்தையே அளந்து எல்லை வைத்தவள் என் மகள்!

பனி சீக்கிரம் உருகி, கூரை தாங்கி, ஏரியில் மீன் தூண்டிலைக் கடித்து, அக்கா முழங்கால் மடங்கி, தாங்கள் இருவரும் நீடூழி வாழக் கர்த்தரை வேண்டும்,
ஆர்வில்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சிக்னே முகம் வெளிறி வந்தாள். டிக்கெட் நாளில் மணி அடிக்க வைத்த அந்த மூன்று புகாரையும் இப்போதுதான் திறந்து படித்தாளாம். மூன்றையும் எழுதியது ஒரே ஆள், டுலூத்காரர். முதலாவது, டிக்கெட்டில் எழுத்து பொடியாக இருக்கிறதாம். இரண்டாவது, அரங்கில் பாப்கார்ன் கொள்ளை விலையாம். மூன்றாவது, முதல் இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லையாம். செத்த செர்வரில் மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான குடும்பங்களிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. இந்த மாநிலத்துக்கு மாப்பிள்ளையாக வந்து இருபது வருஷமாகியும் எதற்கும் குறை சொல்லும் உங்கள் நியூஜெர்சி வாய் அடங்கவில்லையே என்று நானும் அக்காவும் வருந்தியதுண்டு. மன்னிக்க வேண்டும். லோவெலிடம் மூச்சு விடவில்லை. அடுத்த வருஷமும் டிக்கெட் நாள் காலையில் தாங்கள் எங்கும் போய்விடாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எதைக் கண்டாலும் பிடிக்காமல் புகார் எழுத வேண்டுமாய்க் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.