ஐதராபாத் பேராசிரியர் மாப்பிள்ளை அல்ல

சேலையூர்,
ஞாயிறு பகல்.

அன்பு மிக்க ஜோதிலட்சுமி அத்தைக்கு,

உங்கள் தம்பி குப்புராஜின் இளைய மகள் நிறைமதி, பத்தாம் வகுப்பு, வணங்கி எழுதுவது. நடந்தவை அனைத்தையும் உண்மையாகவே எழுதப் போகிறேன். யாருக்குச் சாதகமாகவும் ஒரு வரி கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். இங்கே நாங்கள் நான்கு பேரும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். மனதுக்கு எப்படி என்பது போகப் போகத் தெரியும். செங்கல்பட்டில் நீங்களும் மாமாவும் தனசேகர் அத்தானும் நலமாக இருக்க வேண்டும். பல நாளாக நீங்கள் அப்பாவின் போனை எடுக்காததால்தான் இந்தக் கடிதம். போனை எடுக்காமல் இருந்துவிடலாம், தபால்காரர் நீட்டுவதை வாங்காமல் இருக்க முடியாது அல்லவா.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்பிரியா அக்காவுக்கு நாங்கள் மாப்பிள்ளை பார்க்கவில்லை. ஐதராபாத் சத்யநாராயணன் என்பவருக்கு ஐம்பத்து மூன்று வயது என்பது உண்மை. அவரைப் பற்றி விசாரிக்க அப்பா ரயிலேறிப் போனதும், அம்மா அவருக்கும் அக்காவுக்கும் ஜாதகப் பொருத்தம் பார்த்ததும் உண்மை. ஆனாலும் அவர் மாப்பிள்ளை இல்லை. இயற்பியல் பேராசிரியர். மனைவியும் கல்லூரிக்குப் போகும் மகனும் இருக்கிறார்கள்.

அக்கா எம்.எஸ்ஸி. முடித்தது உங்களுக்குத் தெரியும். பிஎச்.டி. படிக்க அவளை இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒன்று இந்த ஐதராபாத் பேராசிரியரின் பெரிய ஆய்வுக்கூடம். உலோகங்களை மிகமிகக் குளிரவைத்து அவை என்ன செய்கின்றன என்று பார்க்கும் இயந்திரம் அங்கே இருக்கிறது. மற்றது கேளம்பாக்கம் தாண்டிப் புதிதாகத் தொடங்கியிருக்கும் சின்ன ஆய்வுக்கூடம். அங்கே அதே மாதிரி இயந்திரத்தை இப்போதுதான் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள். எது என்று நாளை மாலை ஐந்து மணிக்குள் அக்கா எழுதிச் சொல்ல வேண்டும். இரண்டு வாரமாக அவள் சாப்பிடும்போதுகூட ஒரு காகிதத்தின் நடுவில் கோடு போட்டு இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் வாய் தவறி, எந்தப் பேராசிரியரிடம் சேர்கிறோமோ அவர் சொல்கிறபடிதான் ஐந்தாறு வருடம் நடக்க வேண்டும், பாதியில் விட்டு வருவது கஷ்டம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும் அம்மாவுக்குக் கல்யாணம்தான் ஞாபகம் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அம்மா பேராசிரியரின் இணையப் பக்கத்திலிருந்து அவர் பிறந்த தேதியையும் ஊரையும் என்னை எடுத்துத் தரச் சொன்னாள். நேரம் அதில் இல்லை. "இவ்ளோ படிச்சவரு, நல்ல நேரத்துலதான் பொறந்திருப்பாரு" என்று காலை பத்தரை என அவளே வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு திருநீர்மலை அடிவாரத்து ஜோசியரிடம் போனாள். பத்துக்கு எட்டுப் பொருத்தம். பக்கத்தில் பூ விற்கும் செல்லம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பஸ் சேலையூர் வந்து சேர்வதற்குள் செய்தி செங்கல்பட்டுக்கு எப்படிப் போனது என்பது இயற்பியலுக்கே விளங்காதது. அன்று சாயங்காலம்தான் நீங்கள் போன் செய்து, "அம்பத்தி மூணு வயசு ஆளுக்குக் குடுக்கத்தான் என் புள்ளய வேணாம்னீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்தீர்கள்.

அப்பா ஜாதகத்தை நம்ப மாட்டார், விசாரணையை நம்புவார். "விசாரிக்காம நான் ஒரு மூட்ட சிமெண்ட் எறக்கினதில்ல, பொண்ண அனுப்புவனா" என்று அக்காவுக்குத் தெரியாமல் தாம்பரத்தில் ஐதராபாத் ரயிலைப் பிடித்துவிட்டார். அங்கே ஆய்வுக்கூட வாசலுக்கு எதிரில் ஒரு டீக்கடை. நம் பக்கத்தில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது போலவே வாட்ச்மேனையும் இஸ்திரி போடுகிறவரையும் கேட்டிருக்கிறார். குடிப்பாரா, கோபக்காரரா, சொன்ன சொல்லுக்கு நிற்பாரா. டீக்கடைக்காரரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில், எனக்கு ஒரு மகள், அவரிடம், ஆறு வருஷம் என்று சொல்லவும் அவர் டீ கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம். அந்த நேரத்தில் வந்து காப்பாற்றியவர் ஜென்சி என்ற நாகர்கோவில் அக்கா. அதே பேராசிரியரிடம் ஏழாவது வருடம் படிக்கிறவர். அவர் சொன்னதை அப்பா அப்படியே சொன்னார்: "சார் தங்கமான மனுஷன் அங்கிள். ஆனா மாசத்துல பத்து நாள்தான் ஊர்ல இருப்பாரு. மெஷினுக்கு பெரிய க்யூ. போன வருஷம் முழுக்க நான் அதத் தொட்டது பதினேழு நாள்."

வெள்ளிக்கிழமை காலை அப்பா திரும்பி வந்து இதைச் சொன்னதும் அக்கா, "என் பேர சொன்னீங்களா" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன் என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, அந்த அக்கா பார்க்க எப்படி இருந்தார் என்று கேட்டாள். "எளச்சுப் போயிருந்தா" என்றார் அப்பா. அப்பா செய்தது பைத்தியக்காரத்தனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அக்காவின் காகிதத்தில் தரவரிசை இருந்தது, கட்டுரைகளின் எண்ணிக்கை இருந்தது, விடுதி அறையின் அளவுகூட இருந்தது. பதினேழு என்ற எண் இல்லை. அது எந்த இணையப் பக்கத்திலும் இல்லை, ஒரு டீக்கடையில்தான் இருந்தது.

நேற்று அப்பா, அக்கா, நான் மூவரும் கேளம்பாக்கம் போனோம். ஆய்வுக்கூடத்தை நடத்துபவர் டாக்டர் கிளியம்மாள், கோவளத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கையில் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அக்காவிடம் நேராகச் சொன்னார்: "இங்க வந்தா மொத ரெண்டு வருஷம் ஒண்ணும் வராது. மெஷின நீயும் சேந்துதான் கட்டணும். பெரிய பேரு வேணும்னா அங்கயே போம்மா, தப்பில்ல." அங்கே ஒரு கேஸ் குழாயில் எங்கேயோ கசிவு. அக்கா ஒரு பிரஷ்ஷை வாங்கி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள். நான்கு மணி நேரம். சாப்பாடு மறந்துபோயிற்று. கசிவு கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது கேம்ப் ரோடு வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். அப்பா பஸ்ஸிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பொண்ணு பாக்கப் போன வூட்டுல அவளே அடுப்பப் பத்த வச்சுட்டா. இனிமே இன்னா பேச்சு."

ஆகவே கேளம்பாக்கம்தான் என்று முடிவாகிவிட்டது. அக்கா இரண்டு பஸ் தூரத்தில்தான் இருப்பாள். அந்தச் சந்தோஷத்தில் அம்மா வீட்டில் பிரியாணி செய்துகொண்டிருக்கிறாள். கோபத்தை விட்டுவிட்டு நீங்கள் ஒருமுறை வந்து போக வேண்டும். மாமாவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். நான் உங்கள் காலில் விழுந்து எழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஆசீர்வதியுங்கள்.

உங்கள் மருமகள்,
நிறைமதி

பின்குறிப்பு: இதை நம் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து எழுதினேன். ஒட்டுவதற்கு முன், பிழை இருந்தால் திருத்தலாம் என்று அப்பாவுக்கும் அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். பதினேழு நாள் என்ற இடத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பொண்ணு அதோட நிறுத்தல" என்றார். அப்படியானால் ஏழு வருஷமா ஏன் விட்டுட்டுப் போகல என்று இவர் கேட்டிருக்கிறார். அதற்கு ஜென்சி அக்கா சொன்னது: "அந்தப் பதினேழுல ஒரு நாள், உலகத்துல யாருமே பாக்காத ஒண்ண நான் மொதல்ல பாத்தேன் அங்கிள். ரெண்டு நாள் யார்ட்டயும் சொல்லாம நானே வச்சுக்கிட்டேன்." சொல்லும்போது சிரித்துக்கொண்டே இருந்தாராம்.

அக்கா அப்பாவையே பார்த்தாள். "இத ஏம்ப்பா அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா போயிடுவ."

அக்கா பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்து ஐதராபாத்துக்கு வருகிறேன் என்று எழுதி அனுப்பிவிட்டாள். எனவே அத்தை, மேலே கேளம்பாக்கம் பற்றி நான் முடிவாக எழுதியவற்றை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். மாப்பிள்ளை இல்லை என்பது மட்டும் நிற்கிறது. அம்மாவிடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அப்பா அக்காவிடம், அங்கே மார்கழியில் ரொம்பக் குளிருமா என்று கேட்டுக்கொண்டே பாதி ஷட்டரை இறக்கிவிட்டார். இன்னும் ஒரு வரி எழுதலாம் என்றிருந்தேன். விளக்கை அணைத்துவிட்டார்.