பூஜ்யம் சார் வைத்த பூட்டு

புனேயில் உள்ள மேனேஜர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் முதலாளியைச் சொல்வார்கள். மீதிப் பேர் பூஜ்யம் சாரைச் சொல்வார்கள்.

ஹிஞ்சவடியில் நான் வேலை பார்த்த கம்பெனிக்காக அவர் ஒரு ஃப்ரேம்வொர்க் எழுதியிருந்தார். எண்களைக் கொடுத்தால் வெப் பக்கத்தில் அழகான சார்ட்டாக வரைந்துவிடும். அதில் ஒரு பூட்டும் வைத்திருந்தார். பார் சார்ட் என்றால் அளவு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும். வேறு எண்ணைப் போட்டால் சார்ட் வராது. "தரையிலிருந்து ஆரம்பிக்கவும்" என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். அதுவும் தமிழில்! ஆபீஸில் அவரைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யார் மாட்டினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மராத்திக்காரர்கள் அவரை 'ஷூன்ய காகா' என்பார்கள். காகா என்றால் அவர்கள் மொழியில் சித்தப்பா. எனக்கு மட்டும் பறவை ஞாபகம் வரும்.

ஒருமுறை ஒரு மேனேஜர், துளியூண்டு ஏறிய விற்பனையை மலையாகக் காட்ட ஆசைப்பட்டு, அளவைப் பாதியிலிருந்து தொடங்க வைத்து, கிளையன்ட் முன்னால் திறந்துவிட்டார். திரை முழுக்கச் சிவப்புத் தமிழ்.

"இது புது டிசைனா?" என்று கேட்டார் கிளையன்ட்.

"ஆமாம்" என்றார் மேனேஜர்.

அப்புறம் சாரிடம் வந்து குதித்தார். சார் அசையவில்லை. "அரே, பார்னா தரையில நிக்கணும். அந்தரத்துல தொங்கவிட்டு ஏறிடுச்சு ஏறிடுச்சுன்னா அது பொய்" என்று எனக்குத் தமிழில் சொல்லி, அவருக்கு இந்தியில் சொல்லச் சொன்னார். இத்தனைக்கும் சார் புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்தவர். இந்தி என்னைவிட நன்றாகப் பேசுவார்.

அவர் மனைவி ராஜி அக்கா கட்கியிலேயே கணக்கு டீச்சர். அக்காவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் பிளேட்லெட் எண்ணிக்கை சொல்வார்கள். சார் அதற்கென்று ஒரு பக்கம் செய்து, கட்டில் பக்கத்தில் லேப்டாப்பில் வைத்தார். நாளுக்கு ஒரு பார். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன.

"ஏறவே மாட்டேங்குதேங்க" என்று சொல்லி, அக்கா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் சார் என் மேஜைக்கு வந்தார். "ஏம்மா, அந்தப் பூட்டை எடுத்துடு."

"எதுக்கு சார்?"

"ராஜிக்கு. துளி ஏறியிருக்கு, நிஜமாவே. அவ கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது."

"நீங்களே எடுக்கலாமே சார்."

"என் கையால முடியல."

எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மாலை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, திரையில் பார்கள் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தன. அக்கா ரெண்டு கரண்டி கிச்சடி சாப்பிட்டார். சார் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அவர் மருந்து வாங்கப் போனதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓரத்துல நம்பர் பூஜ்யத்துல ஆரம்பிக்கல, பார்த்தியா? முப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. இதைச் செய்ய எவ்வளவு கஷ்டப்பட்டாரோ. எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே." தலையாட்டினேன்.

இரண்டு வாரத்தில் அக்கா போய்விட்டார்.

அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் சாருக்கு ஒரே பேச்சுதான். "கடைசில அவளை ஏமாத்திட்டேன்மா. நம்பிச் சாப்பிட்டா." ஒரு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியவில்லை.

"சார், அக்காவுக்குத் தெரியும். அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டாங்க" என்று ஆரம்பித்து, அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"கணக்கு டீச்சராச்சே" என்று சிரித்தார் சார். அந்தச் சிரிப்பிலேயே அழ ஆரம்பித்தார். நான் போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

பிறகு அவர் வேலையை விட்டுவிட்டார். நானும் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இருக்கும் வாகடிலிருந்து கட்கியில் சார் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இது யார் என்று கேட்டால், "நம்ம பொண்ணு" என்கிறார் சார்.

நான் திருத்துவதில்லை.