முள்ளம்பன்றி வீட்டு ஆன்டெனா

ஒரு காட்டில், அதுவும் அமெரிக்காவில் இருந்த ஒரு காட்டில், ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியிருந்தது. அமெரிக்க முள்ளம்பன்றிக்கு ஊசிமுத்து என்று யார் பெயர் வைத்தார்கள் என்று கேட்பவர்கள், அது தமிழில் பேசப்போவதை மட்டும் எப்படித் தாங்கிக்கொள்ளப் போகிறீர்கள்? பேசாமல் மேலே கேளுங்கள்.

அப்போதுதான் அந்தக் காட்டுக்கு டெலிவிஷன் வந்திருந்தது. முதல் பெட்டியை வாங்கியது கரடி. பீரோ அளவுக்கு மரப்பெட்டி, அதன் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண்ணாடி, குகையின் உச்சியில் ஓர் ஆன்டெனா. குன்றின் மேலிருந்த நிலையம் மாலையில் மூன்று மணி நேரம்தான் படம் அனுப்பும். ஆனால் காடே மத்தியானம் வந்து இடம்பிடித்து உட்கார்ந்துவிடும். நிகழ்ச்சி தொடங்கும்வரை திரையில் ஒரு வட்டமும் நாலு கோடும் அசையாமல் நிற்கும். அதையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. இன்றைய வட்டம் நேற்றையதைவிட நன்றாக இருந்தது என்று வான்கோழி ஒருநாள் அபிப்பிராயம் சொல்ல, மான் அதை மறுக்க, இரண்டுக்கும் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

ஊசிமுத்துவின் மூன்று குட்டிகளும் தினமும் போய்வந்தன. முள்ளம்பன்றிக்குச் சிரிப்பு வந்தால் முள் சிலிர்த்துக்கொள்ளும். குலத்துக்கே உள்ள குணம் அது, யாரையும் நோவதற்கில்லை. ஒருநாள் திரையில் ஒரு நீர்நாய் வழுக்கி விழுந்தது. கடைக்குட்டி விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த வான்கோழி அலறிக்கொண்டு எழுந்து, முன்வரிசையில் இருந்த முயல் குடும்பத்தின் மேல் விழுந்தது.

கரடி கெட்டது அல்ல. வீட்டில் பெட்டி வைத்திருக்கும் எல்லாரையும் போல அதற்கும் கொஞ்சம் பெருந்தன்மை இருந்தது. மறுநாள் ஊசிமுத்துவைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னது.

"குட்டிங்க பார்க்க வேணாம்னு நான் சொல்லல ஊசிமுத்து. ஜன்னலுக்கு வெளிய நின்னு தாராளமாப் பார்க்கட்டும். கண்ணாடி நல்ல கண்ணாடி."

அது பனிக்காலம். அன்று மாலை குட்டிகளைச் சாப்பிடக் கூப்பிடப் போன ஊசிமுத்து, கரடியின் ஜன்னலில் மூன்று மூக்குகள் அப்பிக்கொண்டிருப்பதைக் கண்டது. முதுகுகளில் பனி ஏறியிருந்தது. வெளியே சத்தம் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவை சிரிக்கும்வரை காத்திருந்து, பிறகு இவையும் சிரித்தன. இனி தன் குட்டிகள் எவன் வீட்டு ஜன்னலிலும் நிற்கக் கூடாது என்று ஊசிமுத்து அந்த இடத்திலேயே முடிவு செய்தது.

முதலில் நேர்வழியில்தான் போய்ப் பார்த்தது. டெலிவிஷன் கடையை நடத்தியது ஆமை. வரிசையில் இரண்டு நாள் நின்று ஊசிமுத்து ஒரு விண்ணப்பம் வாங்கியது. அதில் பதினேழாவது கேள்வி, வீட்டில் ஏற்கெனவே பெட்டி உண்டா என்பது. இல்லை என்று உண்மையை எழுதிக் கொடுத்தது ஊசிமுத்து. பெட்டி வைத்துப் பழக்கம் இல்லாதவர்களுக்குப் பெட்டி கொடுப்பதில்லை என்று ஆமை விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டது ஊசிமுத்து. அதன் மனைவி சிலிர்ப்பாயி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த உதிர்ந்த முட்களைப் பெருக்கிக்கொண்டே, ஊரில் யார் பெட்டியைப் பார்க்கிறார்கள், கூரையைத்தானே பார்க்கிறார்கள் என்றது.

மறுநாள் விடிந்தபோது ஊசிமுத்துவின் வளைக்கு மேல் ஓர் ஆன்டெனா நின்றது. உதிர்ந்த முட்களைச் சின்னதும் பெரியதுமாக அடுக்கி, குறுக்கே கட்டி, கரடியினுடையதைவிட இரண்டு முழம் உயரமாகவே செய்திருந்தது. வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும் என்று சொல்லி ஜன்னலைக் கம்பளி போட்டு மூடியது. அன்று காலை வான்கோழி வழியில் நின்று வணக்கம் சொன்னது. அதுவரை அது ஊசிமுத்துவைக் கண்டால் தள்ளித்தான் நடக்கும்.

வணக்கத்தோடு விட்டால் பரவாயில்லை. நேற்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுவைத்தது. ஊசிமுத்து வாயில் வந்ததைச் சொன்னது. ஒரு மீன் குளத்தை விட்டுக் கரையேறி, வக்கீலுக்குப் படித்து, தன் சொந்தக்காரர்களை எல்லாம் விழுங்கிய கொக்கின் மேல் கேஸ் போடுகிறது, கேஸ் ஒவ்வொரு வாய்தாவிலும் தள்ளிப்போகிறது என்றது.

பொய் சொன்னால் வீட்டில் எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். அதனால் அன்று சாப்பாட்டு நேரத்தில் குட்டிகளை உட்காரவைத்து, மீன் வக்கீல் கதையை ஊசிமுத்து முழுசாகச் சொன்னது. மறுநாள் வாய்தாவுக்கு மறுநாள் கதை. கொக்கு ஒற்றைக்காலில் சாட்சிக்கூண்டில் நிற்பதை ஊசிமுத்து நடித்துக் காட்டியபோது மூன்று குட்டிகளும் சிலிர்த்துக்கொண்டு சிரித்தன. ஒருவர் முள் ஒருவருக்குக் குத்தவில்லை. ஜன்னலுக்கு அப்பால் பனி பெய்துகொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அந்த வளை எப்போதுமே இருந்ததில்லை.

இதற்குள் காட்டில் பாதி வீடுகளுக்குப் பெட்டி வந்துவிட்டது. ஒரு பெட்டியிலும் மீன் வக்கீல் வரவில்லை. கரடி தன் குகை உச்சியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து அதன் மனைவி, வரல, இன்னும் கொஞ்சம் கிழக்கே, ஐயோ இருந்ததும் போச்சு என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரம் இப்படி ஏறி இறங்கிய பிறகு கரடி களைத்துப்போய், எங்கள் வீட்டிலும் மீன் வக்கீல் தெளிவாக வருகிறது என்று ஊருக்குள் சொல்லிவிட்டது. கரடி வீட்டில் வரும்போது தங்கள் வீட்டில் வரவில்லை என்று மான் சொல்லுமா, முயல் சொல்லுமா? எல்லார் வீட்டிலும் வந்தது. கொக்கு தோற்க வேண்டும் என்று வான்கோழி விரதம்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில் நிலையத்திலிருந்து ஒரு மரங்கொத்தி கணக்கெடுக்க வந்தது. நீங்கள் அதிகம் விரும்பிப் பார்ப்பது எது என்று வீடு வீடாகக் கேட்டு, பதிலை மரப்பட்டையில் கொத்திக்கொண்டு போனது. நிலையத்தை நடத்திய காட்டெருமை அந்தப் பட்டையைப் படித்துத் திகைத்தது. காடு முழுக்க விழுந்து விழுந்து பார்க்கிற நிகழ்ச்சியை அது ஒருநாள்கூட ஒளிபரப்பியதே இல்லை. நிகழ்ச்சிகளுக்கெல்லாம் விளம்பரம் தரும் சோப்பு வியாபாரி நரியோ, இனி மீன் வக்கீலுக்கு மட்டும்தான் விளம்பரம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

எந்த வீட்டிலிருந்து இந்தப் பேச்சு கிளம்பியது என்று விசாரித்துக்கொண்டு காட்டெருமை ஊசிமுத்துவின் வளைக்கே வந்துவிட்டது. குட்டிகள் மறுபடியும் கரடியின் ஜன்னலில் பனியில் நிற்பது ஊசிமுத்துவின் கண்முன் வந்து போனது. ஆனாலும் ஒளிக்க வழியில்லை. மூலையில் இருந்தது ஒரு பானையும் விளக்குமாறும்தான்.

"ஐயா, பெட்டி இல்லீங்க. மேல இருக்கிறதும் ஆன்டெனா இல்ல, என் முள்ளு. மீன் வக்கீலு நான் புள்ளைங்களுக்குச் சொன்ன கதை. மன்னிச்சிருங்க."

இந்த இடத்தில் பழைய கதையாக இருந்தால் காட்டெருமை உண்மையைப் பாராட்டியிருக்கும், அல்லது பொய்க்குத் தண்டனை கொடுத்திருக்கும். இந்தக் காட்டெருமை எழுந்துபோய் வாசலைச் சாத்திவிட்டு வந்தது.

"சத்தமாச் சொல்லாதீங்க. காட்டுல பாதிப்பேரு பொய்யன்னு ஆயிடும், நரி சோப்பத் தூக்கிட்டுப் போயிடும். உங்களுக்கு ஒரு பெட்டி அனுப்பறேன். கதைய எழுதி எனக்குக் குடுத்துடுங்க."

ஊசிமுத்து அழுதேவிட்டது. பெட்டி வந்தது. நிலையத்தில் மீன் வக்கீல் நிஜமாகவே தொடங்கியது. வாய்தா முடிந்ததும் மீன் வக்கீல் நரியின் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது நரியின் நிபந்தனை. முன்பு வந்த மாதிரி இப்போது இல்லை, அப்போது நடிப்பே வேறு என்று கரடி குறைப்பட்டுக்கொண்டது. காடு அதை ஒப்புக்கொண்டது.

ஊசிமுத்து வீட்டில்தான் ஒரு சிக்கல். பெட்டி வந்ததே தவிர ஆன்டெனா வரவில்லை. ஆமையிடம் விண்ணப்பித்தால், உங்கள் கூரையில் ஏற்கெனவே ஒன்று இருப்பதைக் காடே பார்த்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. பெட்டியில் வெறும் புள்ளிகள் பறந்தன. குட்டிகள் அப்பாவின் கதையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தன. மீன் வக்கீலை முதலில் பார்த்தவர் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்று வான்கோழியும் முயல் குடும்பமும் வேறு வந்து நிறைந்துவிட்டன.

என்ன கோளாறு என்று பார்க்க ஊசிமுத்து வெளியே போய்ச் சுற்றிவந்தது. ஜன்னல் பக்கம் வந்ததும் பெட்டியில் படம் தெரிந்து உள்ளே ஒரே ஆரவாரம். உதிர்ந்த முள்ளுக்கு இல்லாத சக்தி உடம்பில் ஒட்டிய முள்ளுக்கு இருந்திருக்கிறது. கடைக்குட்டி ஓடிவந்து கம்பளியை விலக்கி ஜன்னலைத் திறந்தது. வெகுநாள் கழித்து அப்பாவைத் தேடி ஓடிவருகிறது என்று ஊசிமுத்துவுக்கு மனம் குளிர்ந்தது. உள்ளே போனதும் இன்றைய வாய்தாவில் சோப்புக்காக வெட்டிவிட்ட பகுதியைக் குட்டிகளுக்கு நடித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டது.

"அப்பா, அப்படியே நில்லுங்க. இப்ப நல்லாத் தெரியுது."

சொல்லிவிட்டு, குளிர் உள்ளே வருகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டது. சத்தம் நின்றுபோனது. ஊசிமுத்து மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பார்த்தது. உள்ளே எல்லாரும் சிரிக்கும்வரை காத்திருந்து, பிறகு தானும் சிரித்தது.

நீதி: டெலிவிஷன் வாங்குவதற்கு முன்னால், வெளியே நின்று பார்க்க வசதியாக வீட்டுக்கு ஒரு நல்ல ஜன்னல் வைத்துக்கொள்ளவும்.