இருநூற்றுப் பன்னிரண்டு யூனிட்

வாடிக்கையாளரைத் தெய்வமாக மதிக்கும் நிறுவனம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று எந்தக் கோயில் வாசலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். அதன் பெயர் மின்மயில் சார்ஜிங் சர்வீசஸ். தெய்வத்துக்குக் காணிக்கை கொடுப்பதுதானே வழக்கம், தெய்வத்திடமிருந்தா வாங்குவார்கள் என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்கள் மேலே படிக்க வேண்டாம்.

என் பெயர் லட்சுமணசாமி. கோவை கணபதியில் வீட்டை ஒட்டிப் பம்ப்செட் உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், மூன்று ஆட்கள். மனைவி ராமாமணி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருடம், 'பூமியைக் காப்பாற்றும்' பொறுப்பில் எங்கள் பங்காக ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்கினோம்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குப் போய் ஈஸ்வரனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வழியில் ஒரு பேக்கரியை ஒட்டி மின்மயிலின் மெஷின் நின்றது. ஒயரைக் காரில் சொருகி, கார்டைக் காட்டினேன். திரையில் மயில் தோகை விரித்து நன்றி சொன்னது. டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காரில் ஒரு சதவீதம்கூட ஏறவில்லை. சரி, மெஷினுக்கு உடம்பு சரியில்லை போல என்று ஒயரைக் கழற்றி மாட்டிவிட்டு, ஏசியை அணைத்து, வேர்த்து ஒழுக வீடு வந்து சேர்ந்தோம்.

வாசலில் இறங்கும்போது செல்போனில் ரசீது வந்தது. 212 யூனிட், 5,088 ரூபாய்.

ராமாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தாள். "ஏனுங்க, நம்ம பேட்டரி எத்தனை யூனிட் புடிக்கும்?"

"முப்பத்தெட்டு."

"அப்ப ஒரு டீ குடிக்கற நேரத்துல அஞ்சரைக் காரை நெரப்பியிருக்கறோம்" என்றாள்.

மறுநாள் காலை வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் வீணை கேட்டேன். சங்கீத சபாவில் டிக்கெட் வாங்காமல் இவ்வளவு நேரம் கேட்க விடமாட்டார்கள். பிறகு பிரீத்திகா என்ற பெண் வந்தாள். அவள் காட்டிய மரியாதையை என் மருமகன்கூடக் காட்டியதில்லை. என் வேதனை தனக்குப் புரிகிறது என்று ஆறு தடவை சொன்னாள். கடைசியில் ஆதாரம் கேட்டாள்.

"சார், கரண்ட் ஏறலைங்கறதுக்கு ஒரு போட்டோ அனுப்பிச்சீங்கன்னா போதுங்க சார்."

"ஏறாத கரண்டை எப்படி அம்மணி போட்டோ எடுக்கறது?"

"தெளிவா எடுத்தீங்கன்னா போதுங்க சார்."

என் கார் முப்பத்தெட்டு யூனிட்டுக்கு மேல் கொள்ளாது என்று கார் கம்பெனியின் சான்றோடு, பட்டறை லெட்டர்பேடில் கடிதம் எழுதினேன். மின்மயில் அதை அலட்சியப்படுத்தவில்லை. 'மோசடித் தடுப்புப் பிரிவு' என்ற உயர்ந்த துறைக்கு அனுப்பி வைத்தது. நான்காம் நாள் பதில் வந்தது. காருக்குள் முப்பத்தெட்டுதான் போகும் என்று தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், மீதி நூற்று எழுபத்து நான்கு யூனிட்டை எங்கே கொண்டுபோனீர்கள்? தங்களுக்குப் பட்டறை இருப்பதாகத் தெரிகிறது. எங்கள் மின்சாரத்தில் லேத் ஓட்டுவது விதிமீறல். ஏழு நாளில் விளக்கம் தராவிட்டால் இருபத்தையாயிரம் அபராதமும் சட்ட நடவடிக்கையும்.

முப்பது வருடத்தில் என் பட்டறைக்குக் கரண்ட் பில் ஒருநாள் தாமதமானது கிடையாது. எனக்கு ஆர்டர் கொடுக்கும் பம்ப் கம்பெனிக்காரர்கள் காதில் 'கரண்ட் திருட்டு' என்று விழுந்தால் அடுத்த மாதமே லேத்தில் துணி காயப்போட வேண்டியதுதான். பணம் போனால் போகட்டும், புகாரை வாபஸ் வாங்கிவிடலாம் என்றேன். ராமாமணி என்னைப் பார்த்த பார்வையில், அவளிடம் படித்த பிள்ளைகள் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

அவள் மின்மயிலுக்கு விளக்கம் எழுதிப் போட்டுவிட்டு, கார்டு கொடுத்த பேங்கில் புகார் செய்தாள். பேங்க் மின்மயிலிடம் ஆதாரம் கேட்டது. மின்மயில் அந்த ரசீதையே அனுப்பியது. ரசீது இருப்பதால் ரசீது சரி என்று பேங்க் தீர்ப்பளித்தது.

அறுபதாம் நாள், மின்மயிலின் கள ஆய்வு அதிகாரி மதன்குமார் எங்கள் வீட்டுக்கே வந்தார். முப்பது வயது இருக்கும். பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். லேத்துக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தார். தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தார். நூற்று எழுபத்து நான்கு யூனிட் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. ராமாமணி காபி கொடுத்தாள். பாதி குடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அந்த மெஷினுக்குக் கனெக்‌ஷனே இல்லீங்க. கம்பெனி இன்னும் விண்ணப்பமே போடலை. திறப்பு விழாத் தேதி வந்துருச்சுன்னு நட்டு வெச்சுட்டாங்க. திரை மட்டும் உள்ள இருக்கற சின்ன பேட்டரியில ஓடுது."

"அப்ப இந்த இருநூத்திப் பன்னண்டு?"

"டெஸ்டுக்குப் போட்டு வெச்ச எண்ணுங்க. அழிக்க மறந்துட்டாங்க. யாரு கார்டைக் காட்டினாலும் அதுதான் வரும்."

"எத்தனை பேரு காட்டியிருக்கறாங்க?"

"உங்களையும் சேத்து நாப்பத்திமூணு பேருங்க. நீங்க மட்டுந்தான் சண்டை போடறீங்க."

ராமாமணி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள். முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்ற பெண் அப்படி வைத்தால் யாருக்கும் எழுத வந்துவிடும். மெஷினுக்கு இணைப்பு இல்லை, வாடிக்கையாளர் மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது, தனக்கு வேலை போனால் பட்டறையில் இடம் இருக்குமா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். இருக்கும் என்றேன்.

அந்தத் தாள் பேங்குக்குப் போனது. எழுபத்தோராம் நாள் 5,088 ரூபாய் திரும்ப வந்தது. அபராதக் கடிதமும் ரத்தானது. நான் சர்க்கரைப் பொங்கல் வைக்கச் சொன்னேன். மின்மயிலுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதவும் உட்கார்ந்தேன்.

"நம்ம பணம் வந்துருச்சுங்க. அந்த மெஷின் அங்கயேதான நிக்குது?" என்றாள் ராமாமணி.

பம்ப் வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்தாள். 'இதில் கரண்ட் இல்லீங்க. கார்டைக் காட்டாதீங்க' என்று பெரிய எழுத்தில் எழுதினாள். என்னைக் காரில் உட்காரவைத்து அவிநாசி ரோட்டுக்குக் கூட்டிப்போய், மெஷினின் கழுத்தில் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். பேக்கரிக்காரர் பாலுசாமி கேக் பெட்டி கட்டும் நூலைக் கொடுத்து உதவினார். தன் செல் நம்பரையும் கொடுத்தார்.

நாங்கள் வீடு வந்து செருப்பைக் கழற்றவில்லை, பாலுசாமி கூப்பிட்டார். மின்மயில் பனியன் போட்ட மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்களாம். மெஷினைச் சரி செய்ய வந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். அது வேற டிபார்ட்மெண்டுங்க என்று சொல்லிவிட்டு, அட்டையை மட்டும் அறுத்துச் சுருட்டிக்கொண்டு, திரையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

எழுபத்தொரு நாளில் எங்கள் புகாருக்கு ஒரே ஓர் ஆளை அனுப்பிய நிறுவனம், உண்மையை அறுத்தெடுக்க நாற்பது நிமிடத்தில் மூன்று பேரை அனுப்பியது. மின்மயிலில் ஆள் பற்றாக்குறை என்று இனி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.