சுரூபம் அண்ணன் வரைந்த நாய்க்காரப் புனிதர்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கையின் நிம்மதி ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து பத்துக்குக் கெட்டது. கெடுத்தது ஒரு படம். நல்ல நோக்கத்தோடு நாசம் விளைவிப்பதில் சுரூபம் அண்ணனை மிஞ்ச இந்தத் தீவில் ஆளில்லை.

தேவாலயச் சுரூபங்களுக்கு, அதாவது புனிதர் சிலைகளுக்கு, வர்ணம் பூசுவது அவர் தொழில்; அந்தப் பெயரும் அதனால் ஒட்டியதுதான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததோ தெரியாது. அவர் பூனையை வரைந்தாலும் அது வானத்தைப் பார்த்துச் செபிக்கும்.

ஒழுங்கை முடிவிலுள்ள வெறும் வளவில் மாளிகாவத்தை முஸ்லிம் நானா ஒருவர் ஹஜ்ஜுப் பெருநாளுக்காகச் செம்மறிகளை மேயவிட்டிருந்தார். நாய் கடித்துக் காயப்பட்ட ஆட்டைக் குர்பான் பலி கொடுக்க யாரும் வாங்கமாட்டார்கள். நாய் வளர்க்கும் நாங்களோ அவற்றை அவிழ்த்துவிட்டே உலாத்தினோம். ஆகவே ஒழுங்கைச் சங்கம் கூடி, ஆட்டுக்கு அருகே நாயைக் கயிற்றில் பிடிக்கச் சொல்லும் படமொன்றை வளவு மதிலில் வரையும்படி அண்ணனைக் கேட்டது.

கயிற்றில் நாய், சுற்றிலும் செம்மறிகள், நடுவில் நீள அங்கியோடு ஒருவர். அவர் தலைக்குப் பின்னால் பொன் ஒளிவட்டம்.

"அண்ணை, நாயோட நடக்கிறவருக்கு எதுக்கு ஒளிவட்டம்?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, இந்த ஒழுங்கையில நாயைக் கயிறு போட்டுக் கூட்டிக்கொண்டு போற ஒருத்தரைக் காட்டுங்க பாப்பம். அப்பிடி ஒருத்தர் இருந்தா அவர் புனிதர்தானே?"

மறுநாளே மதிலடியில் மெழுகுதிரி எரிந்தது. எங்கள் சைவக்காரருக்கு நாயைக் கண்டதும் வைரவர் ஞாபகம் வந்துவிட்டது, வடைமாலை சாத்தினார்கள். வடை வாசனைக்கு மருதானை வரையுள்ள தெருநாய்கள் வந்தன. பூமாலை தின்னச் செம்மறிகள் வந்தன. நாயும் ஆடும் சேரவே கூடாது என்று படம் வரைந்த இடத்தில் இரண்டும் தினமும் மாநாடு போட்டன.

"படத்த அழிங்க! இல்லாட்டி எண்ட ஆடெல்லாம் முடிஞ்சி!" என்று நானா கத்தினார்.

"கும்பிடுற படத்தை எப்பிடி நானா அழிக்கிறது? பாவம் எனக்கெல்லோ வரும்," என்றார் அண்ணன்.

அந்தச் சனிக்கிழமை மாலை என் மகள் எங்கள் நாயுடன் அந்த வழியால் போனாள். கயிறு கட்டித்தான் அனுப்பினேன். நான் பொறுப்பான தாய். வடையைக் கண்ட நாய் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்ந்தது. ஆடுகள் மிரண்டு, துறைமுகத்துக் கொண்டெய்னர் லொறிகள் பறக்கும் பெரிய தெருவுக்கு ஓடின. பின்னால் நாய். அதன் பின்னால் மகள்.

"ராத்தா, புள்ள ரோட்டுக்கு ஓடிட்டாள்!" என்று நானா எங்கள் வாசலில் வந்து என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

செருப்பில்லாமல் ஓடினேன். தெரு முழுக்க லொறிகள் ஹோன் அடித்தபடி நின்றன. ஆடுகள் நின்றன. மகளைக் காணவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தியதாகவே நினைத்தேன். குரலே வரவில்லை என்று பிறகு நானா சொன்னார். முதல் லொறியின் சாரதி கீழே இறங்கி, கையை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் வந்து நின்ற ஏதோ ஒரு பைத்தியக்காரனைச் சிங்களத்தில் ஏசிக்கொண்டிருந்தார்.

அந்த லொறிக்குப் பின்னாலிருந்து சுரூபம் அண்ணன் வந்தார். இடுப்புச் சாரம் கிழிந்து, முழங்காலில் இரத்தம். கக்கத்தில் எங்கள் நாய். மறு கையில் என் மகளின் கை.

அவளுக்கு அடிக்கக் கையை ஓங்கினேன்.

"பிள்ளைக்கு அடிக்காதீங்க தங்கச்சி, நல்லாப் பயந்திட்டாள்," என்றார். "நீங்களும் இதில கொஞ்சம் இருங்க. முதல்ல தண்ணி குடிங்க."